கோய் குளத்தில் செம்பும் துத்தநாகமும்: வாங்கிப் போட்டதில் எது வேலை செய்தது

கோய் என்ற வண்ணக் கெண்டை மீனை வளர்க்க ஆரம்பிப்பவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வியே "எந்த பாட்டில் ஊத்தலாம்?" என்பதுதான். தண்ணீரில் கலந்த உலோகத்தை எடுக்கும் என்று விற்கிற சாமான்களில் முக்கால்வாசியை நான் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பராமரிக்கிற வேலை எனக்கு. வளவின் நடுவில், வானம் பார்த்த முற்றத்தில், சுமார் 6,000 லிட்டர் பிடிக்கிற சிமென்ட் தொட்டி இருக்கிறது. கொளத்தூரில் வாங்கி வந்த கோய் மீன்கள் அதில் சில ஐப்பசி, கார்த்திகைகளைத் தாண்டிவிட்டன. இந்த ஊரில் மீனுக்குச் சோதனைக் காலம் கோடை இல்லை, மழைதான்.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தொட்டிச் சுவரில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடும். கையில் பிடித்துப் பார்த்தால் வழக்கத்தைவிடக் கொழகொழப்பு அதிகம். கடைக்காரர் மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா என்பார். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சொட்டு மருந்துக் கிட்டில் பார்த்தால் ஒன்றுமே காட்டாது. தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த நத்தைகள் மட்டும் கீழே உதிர்ந்து கிடக்கும். செம்பு கலந்தால் நத்தையும் இறாலும்தான் முதலில் போகும். மீன் அதற்கப்புறம்தான்.

வீட்டுக்கார ஆச்சியிடம் மழைத் தண்ணீர்மேல்தான் சந்தேகம் என்றேன். "மழைத் தண்ணியவிடச் சுத்தமான தண்ணி எதுப்பா இருக்கு? இந்த ஊரே ஊருணித் தண்ணி குடிச்சு வளந்த ஊரு" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஓட்டிலிருந்து வழிகிற மழையை அண்டாவிலும் கொப்பரையிலும் பிடித்து வைத்த வீடுகள் இவை. ஆனால் மழைநீர் மென்மையானது, அதாவது கால்சியம் மாதிரி உப்புகள் அதில் மிகக் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் கொஞ்சம் புளிப்பும் உண்டு. புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற பி.ஹெச். 5.6 அளவில் இருக்கும் (7-க்குக் கீழே போனால் புளிப்பு). அது துத்தநாகம் பூசிய தகரத் தாழ்வாரக் குழாய் வழியாக வந்து, அழகுக்கு வைத்த செம்பு வாய் வழியாகத் தொட்டியில் விழுகிறது. வருகிற வழியில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைக் கண்டால் காசு போடுவார்கள். இது கோயில் தெப்பக்குளம் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நாம் குடிக்கிற தண்ணீர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி, வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு செம்பு 1.5 மில்லிகிராம், துத்தநாகம் 15 மில்லிகிராம் வரை இருக்கலாம். அந்த அளவு மென்னீரில் இருந்தால் கோய் தாங்காது. நமக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் குடலுக்குள் போகிறது. மீனுக்கு அது நேராகச் செவுளில் படுகிறது.

தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 600 காட்டுகிற தண்ணீரில் 0.2 மில்லிகிராம் செம்பு இருந்தால் அந்த மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. செம்புக்குத் தனிக் கிட் வாங்க வேண்டும். ஆய்வகத்துக்குக் கொடுத்தால் செம்பு, துத்தநாகம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் என்று வழக்கமான பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சரி, பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிலின் முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் தயோசல்பேட் மட்டும் இருந்தால் அது குளோரினுக்கு. உலோகத்தை அது கட்டாது. ஈ.டி.டி.ஏ. மாதிரி உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற பொருள் இருந்தால்தான் நமக்குப் பயன். அப்படிப்பட்டது உண்மையிலேயே வேலை செய்கிறது. சாயங்காலம் ஊற்றினால் மறுநாள் மீன் தீனிக்கு வந்துவிடுகிறது. ஆனால் கிட்டில் பார்த்தால் செம்பு அளவு அப்படியே நிற்கும்! பல கிட்டுகள் கட்டுண்ட செம்பையும் சேர்த்தே காட்டும் என்பதால் இந்தக் குழப்பம். உலோகம் தொட்டியை விட்டுப் போகவில்லை, மீனுக்கு எட்டாமல் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மாற்றினால்தான் வெளியே போகும். அடுத்த மழைக்கு மறுபடியும் பாட்டில். சின்னக் கண்ணாடித் தொட்டிக்குச் சரி, 6,000 லிட்டருக்குக் கட்டுப்படியாகாது. அவசரத்துக்கென்று ஒரு பாட்டில் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தேங்காய்ச் சிரட்டைக் கரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடை, மஞ்சள் நிறம், குளோரின் எல்லாவற்றையும் நன்றாக எடுக்கிறது. செம்பைக் கொஞ்சம் பிடிக்கிறது, சில வாரங்களில் சோர்ந்துவிடுகிறது. உலோகத்துக்கென்றே வாங்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது கீலேட்டிங் ரெசின், அதாவது உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற பிசின் மணிகள். குப்ரிசார்ப் என்ற பெயரில் வருவது இந்த வகைதான். கடுகைவிடப் பொடியான மணிகள். சாதாரண வலைப்பையில் போட்டால் பாதி பம்புக்குள் போய்விடும், அதனால் தைத்த நெருக்கமான நைலான் பை வேண்டும். ஃபில்டரில் பஞ்சுக்கு அடுத்து வைக்கிறேன். அழுக்குத் தண்ணீர் நேராகப் பட்டால் மணிகளின் மேல் வழவழப்பு படிந்து அவை செத்துவிடுகின்றன. புதுசாக இருக்கும்போது வெளிறிய நிறம். மழைக்காலம் பாதி போனதும் பையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தண்ணீர் நுழைகிற பக்கத்து மணிகளில் நீலம் ஏறியிருக்கும், மறுபக்கம் இன்னும் வெளுப்பாகவே இருக்கும். தண்ணீரில் இருந்தது இப்போது பைக்குள் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற ஒரே சாமான் இதுதான். கிட்டிலும் அளவு இறங்குகிறது.

இதைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்தால் செம்பு கழன்று வரும். அப்புறம் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, பி.ஹெச். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குளத்துக்குள் போக வேண்டும். கையுறை கட்டாயம். கழுவிய நீலத் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், அது நேராக ஊருணிக்குப் போய்ச் சேரும். குறை என்றால் விலைதான். துத்தநாகத்தைச் செம்பு அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதாகவும் தெரியவில்லை.

துத்தநாகத்துக்கு எனக்குக் கைகொடுத்தது காசு அதிகம் கேட்காத கிளிஞ்சல். சுண்ணாம்புக்குச் சுடுகிறார்களே, அதே கிளிஞ்சல், சுடாமல். தொண்டிப் பக்கமிருந்து ஒரு மூட்டை வரவழைத்து, உப்புப் போகக் கழுவி, ஃபில்டரின் கடைசி அறையில் கொட்டியிருக்கிறேன். தண்ணீர் புளிக்கும்போது அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றுகிறது. கால்சியம் அதிகமிருந்தால் செவுளில் உலோகம் ஒட்ட இடம் குறைவாகத்தான் கிடைக்கும். கார்பனேட் வேறு உலோகத்தில் ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறது. மழைக்கு முன்னும் பின்னும் பி.ஹெச். தடாலென்று விழுவது நின்றது. ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் நல்லதென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் இதற்கு நேர் எதிராக நடக்கும். சுட்ட சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள், பி.ஹெச். ஏறி மீன் ஒரே நாளில் போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் தாழ்வாரத் தகரக் குழாயை பி.வி.சி.க்கு மாற்றி, செம்பு வாயைக் கழற்றி ஆச்சியிடம் கொடுத்தோம். அதைத் துலக்கி முகப்பில் வைத்துவிட்டார். முதல் மழையை முழுக்கத் தெருப்பக்கம் திருப்பிவிடுகிறோம். பாட்டில் செலவு பாதிக்கு மேல் குறைந்தது இதனால்தான். அடியில் சேர்ந்த வண்டலை உறிஞ்சி எடுப்பதும் முக்கியம், பழைய உலோகம் அங்கேதான் படிந்து கிடக்கும். பாசிக்கு மயில்துத்தம் போடச் சொல்லும் அன்பர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், அதுவே செம்புதான்.

ரெசின் காரைக்குடிக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்குகிறேன். ஒருமுறை "உலோகம் நீக்கும் கல்" என்று வந்த பையைத் திறந்தால் உள்ளே இருந்தது ஜியோலைட். அது முக்கியமாக அம்மோனியாவைப் பிடிப்பது. குளத்தில் உப்புப் போட்டால் பிடித்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். மீன் துவண்டால் நாம் முதலில் போடுவதும் உப்புத்தான், ஆகவே வாங்கும்போது பொருளின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.