முதலில் எதைப் போடுவது: ‘காதலிக்க நேரமில்லை’யா, ‘தில்லானா மோகனாம்பா’ளா?

பழைய படமே பார்க்காத பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் எதை முதலில் காட்டலாம்? இரண்டும் கலர்ப் படம். இரண்டிலும் நாகேஷும் பாலையாவும் உண்டு.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) சுலபமான வாசல். நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா பயத்தில் வெளிறும் காட்சி போதும். கதை சொல்பவரை விட கேட்பவரின் முகத்துக்குத்தான் சிரிப்பு அதிகம் வரும். அறுபது வருடம் கழித்தும் அதில் ஒரு நொடிகூட பழசாகவில்லை.

ஏ.பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) கொஞ்சம் பொறுமை கேட்கும். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் நாதஸ்வரக்காரராக நடிக்கும் சிவாஜியின் கன்னமும் விரலும் கண்ணும் அதை நம்பவிடாது. பத்மினி ஆட, அவர் வாசிக்க, அந்தப் போட்டியில் யார் பக்கம் நிற்பது என்றே தெரியாது. அப்புறம் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா! அங்கே சிரிக்க வைக்கிற பாலையா இங்கே தவில்காரர். நாகேஷோ வில்லங்கம் பிடித்த வைத்தி. இந்த மாற்றத்தை ரசிக்கவே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

என் வரிசை இதுதான்: சனிக்கிழமை ஸ்ரீதர், ஞாயிற்றுக்கிழமை தில்லானா.