ஆம்பூரில் மலை பூட்ஸுக்கு சோல் மாற்றிய கதை

வேலூரில் உட்கார்ந்துகொண்டு இமயமலை ஏறும் கிறுக்கு பிடித்தவர்களுக்குத்தான் இது. பூட்ஸ் வாங்குவது பெரிய விஷயமில்லை, ஆன்லைனில் வந்துவிடும். சோல் போனால் எங்கே போவது என்பதுதான் தலைவலி. மணாலி பக்கம் ஃப்ரண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) போய் வந்த பிறகு என் பூட்ஸ் அலமாரியில் சும்மாதான் கிடந்தது. அடியில் தேய்மானமே இல்லை, ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் நடு சோல் பொலபொலவென்று உதிர்கிறது. அது பாலியூரித்தேன் என்கிற நுரை. காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி வாங்கி, போடாமலே வைத்திருந்தாலும் சில வருஷத்தில் நொறுங்கிவிடும்.

ஆம்பூரில் ஒரு சின்னப் பட்டறை. பாய் முன்பு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். ஹீட் கன்னால் சூடு காட்டிப் பழைய சோலை உரித்து, அடியைச் சொரசொரப்பாகத் தேய்த்து, பசை தடவிக் காயவிட்டு மறுபடி தடவி, லாஸ்டில் (கால் வடிவ அச்சு) மாட்டி அழுத்துகிறார். பூட்ஸின் பின்பக்க விளிம்பைக் காட்டி "இது எதுக்கு தம்பி, சீவிடட்டா?" என்றார். ஐயோ வேண்டாம் பாய், பனியில் வழுக்காமல் இருக்க அடியில் கட்டும் முள் சட்டம், அதான் கிராம்பான், அதன் பின் கொக்கி இதில்தான் மாட்டும் என்று சொன்னதும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. நீங்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பர்வதமலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். பாறையில் கடப்பாரைகளை அடித்து வைத்த கடப்பாரைப் படியில் முன்பாதத்தில் எடையைப் போட்டு நிற்கும்போதும் சோல் வழுக்கவில்லை, ஓரம் பிரியவில்லை. (பக்தர்கள் வெறுங்காலோடு ஏறுகிற இடத்தில் இவ்வளவு பெரிய பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள், அது வேறு.)

குறைகள் உண்டு. சொன்ன நாளில் தரவில்லை, இரண்டு தடவை அலையவிட்டார். பசை வாடை போக நாளாகிறது. நடு சோலுக்கு வைத்தது ஈ.வி.ஏ. என்கிற வேறு நுரை, எடை குறைவுதான், அது ஈரத்தில் அப்படி உதிராது, ஆனால் நடக்க நடக்க அமுங்கிப்போகும். சோலின் பள்ளமும் பழையதை விட ஆழம் கம்மி, ஈர மண்ணில் கொஞ்சம் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

ஏலகிரி, ஜவ்வாது, மணாலி வரைக்கும் இது தாராளமாகப் போதும். லடாக்கில் காங் யாட்சே 2 (6,250 மீட்டர்) மாதிரி ஏதாவது மனசில் இருந்தால் இதை நம்பிப் போகாதீர்கள், அந்தக் குளிருக்கு லேயில் டபுள் பூட்ஸ் (உள்ளே தனியாக ஒரு கதகதப்பான பூட்ஸ் இருக்கும்) வாடகைக்கு எடுப்பதுதான் சரி.

எனக்கு 1,800 ரூபாய் ஆனது, பேரம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், தொழுகைக்குப் பட்டறையை மூடிவிடுவார்.