ராஸ்பெரி பை போர்டுக்கு ஹீட்சிங்க் ஒட்டலாமா, வேண்டாமா?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டு சூட்டில் எரிந்துபோகும் என்று பயந்துதான் பலர் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் துண்டு) வாங்குகிறார்கள். அப்படி எரியாது. பை 4 மாடலின் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும், 85-ஐ எட்டினால் இன்னும் குறைக்கும். நாம் இழப்பது வேகத்தை மட்டுமே. அந்த வேகம் நமக்கு எவ்வளவு நேரம் தேவை என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சின்னக் கருவிகளை இயக்கும் பிகோ என்ற குட்டி போர்டுக்கு எதுவும் வேண்டாம். பை 4-இல் சென்சார் படிப்பது, வீட்டு இணையத்தில் விளம்பரத்தைத் தடுப்பது போன்ற சின்ன வேலைகள் என்றால் வெறும் போர்டே போதும். ஆனால் ஒன்று: சிப்பின் சூடு அறையின் சூட்டின் மேல் ஏறி உட்காரும். 25 டிகிரி அறையில் 65 காட்டுகிற போர்டு, அதே வேலையைச் சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் செய்தால் கிட்டத்தட்ட 78-க்குப் போய்விடும். குளிர்நாட்டில் எடுத்த அளவுகளை நம்பி நம் ஊரில் முடிவெடுக்கக் கூடாது.

ஒட்டுகிற அலுமினியத் துண்டு மலிவு. அது சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் ஐந்து நிமிட வேலைக்கு நன்றாகவே உதவும். மணிக்கணக்கில் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றினால் காற்றோட்டம் இல்லாமல் பயனில்லை. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டினால் சூடு வெளியே போக வழியே இருக்காது. பசை விட்டுத் துண்டு பின்களின் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகும், அதையும் மறக்காதீர்கள்.

பை 4-க்கு என் தேர்வு அலுமினியக் கேஸ். சிப்பைத் தொடும் மேல்மூடியே ஹீட்சிங்க் ஆகிவிடுகிறது. சத்தம் இல்லை, தூசி அடைக்க விசிறியும் இல்லை. வைஃபை சிக்னல் சற்றுக் குறையலாம், கேபிள் போடுபவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

2023-இல் வந்த பை 5 வேறு கதை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சிப்பின் நான்கு கோர்களும் (கணக்கிடும் பகுதிகளும்) ஓடும்போது சின்னத் துண்டு ஈடுகொடுக்காது. விசிறியோடு வரும் ஆக்டிவ் கூலரை வாங்கிவிடுங்கள். 50 டிகிரி வரை விசிறி சும்மா இருக்கும், அதன்பிறகுதான் சுற்றத் தொடங்கும்.

வாங்கும் முன் உங்கள் வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) வெப்பநிலையையும், சிப் வேகத்தைக் குறைத்ததா என்று காட்டும் த்ராட்டில் நிலையையும் பாருங்கள். த்ராட்டில் எண் பூஜ்யம் என்றால் செலவே வேண்டாம். வேறு எண் வந்தாலும் உடனே சூட்டின் மேல் பழி போடாதீர்கள், சார்ஜர் போதிய மின்னழுத்தம் தராவிட்டாலும் அந்த எண் மாறும். சூடுதான் காரணம் என்று தெரிந்தால் முதலில் போர்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இரு பக்கமும் காற்று மேலேறுவதால் சில டிகிரி இறங்கும்.