20 மாதம் ஆன ஸ்மார்ட் சார்ஜர்: கரண்ட் போய் வந்தால் அப்படியே நின்றுவிடுகிறது

நேற்று ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். 20 மாதத்துக்கு முன்னால் நான் 24,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே 7.2 கிலோவாட் வைஃபை எலக்ட்ரிக் கார் சார்ஜர், இப்போது 17,900. "அண்ணே, உங்க வீட்ல இருக்கிறதுதானே இது, போட்டுரலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்த மாடலாக இருந்தாலும் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இது.

என் ஓட்டம் இது: பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் போய் வருகிறேன், போகவர நூறு கிலோமீட்டர். வண்டி 40.5 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான் ஈவி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி சார்ஜ் போட்டால் முப்பது யூனிட் வரை ஏற்ற வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த 15 ஆம்ப்ஸ் சார்ஜரில் அதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்கு வர ஒன்பது, கிளம்ப ஆறு என்றால் அது கட்டுப்படியாகாது. அதனால்தான் 7.2.

வீட்டில் மூன்று ஃபேஸ் லைன். ஈபியில் லோடு ஏற்றி வாங்கி, 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் தனியாக இழுத்து, லோடு மிஞ்சினால் அணைகிற 40 ஆம்ப்ஸ் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைகிற 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி எல்லாம் போட்டோம். இந்தச் செலவைச் சார்ஜர் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், வயரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆப்பில் 6-லிருந்து 32 வரை ஆம்ப்ஸைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது இதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இந்தப் பெட்டி வண்டிக்குக் கரண்டை மாற்றித் தருவதில்லை. ஏசி மின்சாரத்தை டிசி மின்சாரமாக மாற்றும் வேலையெல்லாம் வண்டிக்குள்ளேயே நடக்கிறது. பெட்டி செய்வது, "நீ இவ்வளவு ஆம்ப்ஸ் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம்" என்று பைலட் கம்பி வழியாக ஒரு சிக்னலில் சொல்வதும், எல்லாம் சரியாக இருந்தால் ரிலேயை, அதாவது உள்ளே இருக்கிற தானியங்கி சுவிட்சை, போடுவதும்தான். 6-க்குக் கீழே போகாததும் இந்தச் சிக்னலுக்கான தர நிர்ணயத்திலேயே உள்ளதுதான். இவ்வளவு சின்ன வேலை, ஆனால் மே மாதத்தில் எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு வோல்டேஜ் 195-க்கு வரும்போது, வீட்டு ஏசியும் அதே ஃபேஸில் ஓடும்போது, இதை 16-க்கு இறக்கினால் ஃபேன் வேகம் கூடுவது காதுக்கே கேட்கும். ஒரு மணிக்கு மேல் வோல்டேஜ் ஏறியதும் 32-க்குத் தானாகப் போகும்படி வைத்துவிட்டேன். இதற்காகவே கொடுத்த காசு தகும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

அடுத்தது யூனிட் கணக்கு. போன கோடையில் இரண்டு மாத பில்லில் 1,240 யூனிட் வந்தது. அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் கார்தான்" என்றார். ஆப்பைத் திறந்து காட்டினேன், கார் எடுத்தது 598. மிச்சம் இரண்டு ஏசியும் மோட்டாரும். 500 யூனிட்டைத் தாண்டினாலே கீழ் ஸ்லாப் சலுகை போய்விடுகிற நம் ஊர் பில்லில், எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை. ஒரு மாதம் ஈபி மீட்டரில் சார்ஜ் போடும் முன்னும் பின்னும் ரீடிங் குறித்து ஒத்துப் பார்த்தேன், முப்பது யூனிட்டுக்கு அரை யூனிட் கூட வித்தியாசம் இல்லை.

ராத்திரியில் போட்டால் மிச்சம் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் நடு ராத்திரிக் கரண்ட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, அங்கே அது பெரிய லாபம். நம் வீட்டு மீட்டருக்கு ராத்திரி ஒரு விலை, பகல் ஒரு விலை கிடையாது. 2023-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி நேரத்துக்கு ஒரு விலை வர வேண்டும் என்றது, ஆனால் அதில் விலை குறைவது பகலில், சூரிய மின்சாரம் கிடைக்கிற நேரத்தில். அது நம் வீடு வரைக்கும் வந்தால் ஷெட்யூலைப் பகலுக்குத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் சித்திரையில் சிவப்பு லைட் மூன்று முறை மின்னி நின்றது, எர்த் ஃபால்ட். பெட்டி போய்விட்டது என்று எனக்கு ஆத்திரம். எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியைத் தொடவே இல்லை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, ஒரு கம்பியை மெயினில் ஃபேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். பல்பு செம்மண் நிறத்தில் மங்கலாக எரிந்தது. "மண்ணு காஞ்சு கெடக்கு தம்பி, ரெண்டு கொடம் தண்ணிய ஊத்துங்க" என்றார். கொல்லைப்பக்கம் எர்த் பைப் இருக்கிற இடத்தில் செங்கலை நகர்த்திப் பார்த்தால் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊற்றிய தண்ணீர் குடித்தது போல இறங்கியது. மறுநாள் அதே பல்பு வெள்ளையாக எரிந்தது, சார்ஜரும் பச்சைக்கு வந்தது. பழைய 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் இவ்வளவு வருஷமாகக் கோடையில் சரியான எர்த் இல்லாமலேயே அயர்ன் பாக்ஸும் கிரைண்டரும் ஓடியிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு இந்தப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

14-வது மாதம் ரிலே ஒட்டிக்கொண்டது. வாரண்டியில் நாலே நாளில் ஆள் வந்து போர்டையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு பைசா வாங்கவில்லை. இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இது தானாகச் சார்ஜைத் தொடங்காது. வண்டியோடு இலவசமாக வந்த சார்ஜர் தொடங்குகிறது. கரண்ட் வந்ததும் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், விட்ட இடத்திலிருந்து ஏறும். இந்தப் பெட்டி அப்படி இல்லை. விழித்ததும் முதலில் வைஃபையைத் தேடும், வைஃபை கிடைத்தால் கம்பெனி சர்வரைத் தேடும், சர்வர் சரி என்றால்தான் ரிலேயைப் போடும். மூன்று நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் நீல லைட்டோடு அப்படியே நிற்கும், யாராவது ஆப்பில் தொடுகிற வரைக்கும்.

ரவுட்டரை யூபிஎஸ்ஸில் போடுங்கள் என்பார்கள். எங்கள் ரவுட்டர் ஆரம்பத்திலிருந்தே இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. ஆனால் தெரு முனைக் கம்பத்தில் தொங்குகிற நெட்காரர் பெட்டிக்கும் அதே ஈபி லைன்தானே. கரண்ட் போனால் அதுவும் போகும், வந்தால் உயிர் வர ஐந்து, பத்து நிமிடம் எடுக்கும். மூன்று நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடையில் என் ராத்திரி போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு ஒரு ராத்திரிக்கு இரண்டு தடவை போய் வருவது இங்கே சாதாரணம். இடி இடித்தால் முழிப்பு வந்து போனை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன கார்த்திகையில் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன், காலை ஏழு மணிக்கு டோக்கன். ராத்திரி பதினொன்றுக்கு 24 சதவீதத்தில் சார்ஜர் கன்னை (கேபிள் முனையை) வண்டியில் சொருகிவிட்டுப் படுத்தேன். 11:40-க்குக் கரண்ட் போயிருக்கிறது, 11:52-க்கு வந்திருக்கிறது. பன்னிரண்டே நிமிடம். காலை நாலரைக்குப் பையோடு வெளியே வந்தால் நீல லைட், வண்டியில் 34 சதவீதம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாஸ்ட் சார்ஜரில் நாற்பது நிமிடம் நின்றோம். இருட்டில் அம்மா பின் சீட்டில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், "பரவாயில்ல, மெதுவாப் போவோம்" என்று இரண்டு தடவை சொன்னார். ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம், டோக்கன் தாண்டிவிட்டது, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

கம்பெனிக்குப் போன் பண்ணினால் "நெட் இருந்தால் தானாகத் தொடங்கும் சார்" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்று நாலு தடவை சொல்லியாயிற்று. ஒரு முறை அனுமதி கொடுத்த வண்டி, கன் இன்னும் சொருகியே இருக்கிறது, கதவு கூடத் திறக்கவில்லை. அதற்கு மறுபடி சென்னையிலோ வேறு எங்கேயோ இருக்கிற சர்வரைக் கேட்டு ஏன் நிற்க வேண்டும்? நினைவில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் போதுமே. கரண்ட் போகிற ஊருக்கு விற்கிற பொருளில் இதை யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மேலே நான் எழுதிய நல்லது எல்லாம் உண்மை, விலையும் நல்ல விலை, இருந்தும் வேண்டாம். வைஃபை இல்லாத சாதா 7.2 பெட்டி ஒன்று வாங்குங்கள், ஆம்ப்ஸ் மாற்ற உள்ளே சின்ன சுவிட்ச் இருக்கிற மாதிரி, எம்சிபி பெட்டிக்குள்ளேயே ஒரு யூனிட் மீட்டரும் மாட்டிக்கொள்ளலாம். ஸ்மார்ட்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் முன்னாலேயே வைஃபையை அணைத்து, மெயினையும் ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டு, தானாக ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அப்புறம், ஆர்டர் போடும் முன் ஞாயிற்றுக்கிழமை எங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டு எர்த்தைப் பல்பு போட்டுப் பார்த்துவிடுவோம்.