மகாவிஷ்ணுவிலிருந்து சக்திவரை: நெடுநாள் கேட்டவனின் மதிப்பீடு

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் இசையைக் கல்லூரி நாள்களிலிருந்து கேட்டுவருகிறேன். கேசட் போய்க் குறுந்தகடு வந்தது, அதுவும் போய்க் கைப்பேசி வந்தது. இத்தனை காலம் கழித்தும் எந்த ஆல்பம் அலுக்கவில்லை, எது அலமாரியோடு நின்றுவிட்டது என்று ஒருமுறை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. வேகத்துக்காக வாங்கிய ஆல்பங்களை இப்போது எப்போதாவதுதான் எடுக்கிறேன். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்களா என்பதே எனக்கு முக்கியம். வெவ்வேறு இசை மரபுகளைக் கலந்து வாசிக்கும் ஃபியூஷனில் தேறுவதும் தேறாததும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ராக் ரசிகர்கள் பெரும்பாலும் அவருடைய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழுவில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். 1971இல் வந்த ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’, 1973இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இரண்டும் ஒரே அணியின் ஆக்கங்கள்: பில்லி கோபம் டிரம்ஸ், யான் ஹாமர் கீபோர்ட், ஜெரி குட்மேன் வயலின், ரிக் லேர்ட் பேஸ் கிட்டார். இரண்டாவதன் தலைப்புப் பாடல் பதினெட்டு எண்ணிக்கைச் சுற்றில் ஓடுகிறது. தாளம் போட்டுப் பழகிய நம் ஊர்க் காதுக்கு அந்தக் கணக்கு மிரட்டலாக இருக்காது. தொடையில் தட்டிக்கொண்டே பின்தொடரலாம். ஆனால் நாள் செல்லச் செல்ல எனக்கு நெருக்கமானது முதல் ஆல்பம்தான். அதில் ‘யூ நோ யூ நோ’ என்ற பாடலில் எல்லோரும் அடக்கி வாசிக்க, கோபம் மட்டும் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து விளையாடுகிறார். இரைச்சலாக வாசிக்கத் தெரிந்த ஐந்து பேர் நிறுத்தி நிதானிக்கும் அழகு அது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் இப்போது களைப்பாக இருக்கிறது. கிட்டாரும் வயலினும் மூக் சிந்தசைசரும் (மின்னணு ஒலி எழுப்பும் கீபோர்ட்) மாறி மாறி மோதும் ‘ஒன் வேர்ட்’ மட்டும் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு 1974இல் செய்த ‘அபோகலிப்ஸ்’ எனக்கு ஒட்டவே இல்லை.

இந்தியக் கலைஞர்களோடு அவர் அமைத்த சக்தி குழுவுக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். அங்கிருந்துதான் எல். சங்கரின் வயலின் அவருக்கு அறிமுகமாகிறது. தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் வி. ராகவன். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் ஆல்பம், வெளிவந்தது 1976இல். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, மின்சார கிட்டாரும் கிடையாது. உலகமே அவருடைய மின்சார கிட்டாருக்காகக் காத்திருந்தபோது அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை கூடுகிறது.

அவர் வாசித்த அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒலித்துளைக்கு மேலே, முக்கியத் தந்திகளுக்கு அடியில், மற்றத் தந்திகளின் ஒலியில் தாமாக அதிரும் ஏழு அனுநாதத் தந்திகள் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும். ஃபிரெட்டுகளுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு) இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை இழுக்கவும் அமுக்கவும் முடிவதால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பிடிபடுகிறது. ‘லோட்டஸ் ஃபீட்’டை நல்ல ஹெட்போனில் கேட்டால், ஸ்வரம் அடங்கிய பிறகும் அந்த ஏழு தந்திகள் மெல்ல அதிர்ந்துகொண்டிருப்பது தெரியும். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் இது மொத்தமாகக் காணாமல் போய்விடும்.

அதே ஆல்பத்தின் ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். முதல் நொடியிலேயே தலைதெறிக்க ஓடத் தொடங்கும் பாடல். நான் அதில் கவனிப்பது கடத்தை. கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் விக்கு எழுப்பும் கும்காரம்தான் அந்த மேடையின் பேஸ் கிட்டார். தபலா மேலே துள்ளும்போது கடம் கீழே தாங்குகிறது. தபலா இறங்கியதும் கடம் நகத்தால் சிரிக்கிறது. வடக்கும் தெற்கும் சந்தித்தன என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எப்படிச் சந்தித்தன என்று தெரிய வேண்டுமானால், இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்பியிருக்கும் அந்த நீண்ட பாடலைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரம். ராகம் மெதுவாக விரிந்து, வயலினும் கிட்டாரும் கேள்வி பதிலாகப் பேசி, பிறகு தாளக்காரர்கள் கைக்கு வரும்போது அது கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமேதான்.

அதே 1976இல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ ஸ்டூடியோ ஆல்பம். வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டோடு தொடங்கும் ‘லா தான்ஸ் டு பொனேர்’, பிள்ளைகளுக்கும் உடனே பிடித்துப்போகும் பாடல். புதியவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். 1977இன் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ பாடல்களைச் சுருக்கி, இனிமையைக் கூட்டிய முயற்சி. ‘மைண்ட் ஈகாலஜி’ தவிர மற்றவை என் மனத்தில் நிற்கவில்லை.

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் ‘ரிமெம்பர் சக்தி’ வந்தது. ‘தி பிலீவர்’ ஆல்பத்தில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், விக்குவின் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா. மெக்லாஃப்லின் மின்சார கிட்டாருக்குத் திரும்பிவிட்டதால் பழைய மரத்தின் மணம் இதில் இல்லை. ஆனால் ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டிய அந்தச் சின்ன வாத்தியத்தில் அவர் பிருகாக்களை (வேகமான ஸ்வரக் கொத்துகளை) உதிர்க்கும்போது மெக்லாஃப்லின் ஒதுங்கி, ஓரிரு கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகள்) மட்டும் வைக்கிறார். மூத்தவர் இளையவருக்கு விட்டுக்கொடுக்கும் அந்த இடங்களுக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 2014இல், 45 வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தது இந்த இசைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

2023இல் சக்தியின் பெயரில் வந்த ‘திஸ் மொமென்ட்’ கிராமி விருது பெற்றது. சங்கர் மகாதேவனின் குரலும் கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் அருமை. இருந்தாலும் சிந்தசைசர் பூச்சு எனக்கு அதிகமாகப் படுகிறது. எல்லா ஓரங்களும் மழமழவென்று இழைக்கப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஜனவரியில் பெங்களூரில் நேரில் கேட்டபோது இந்தக் குறையே தோன்றவில்லை. ஜாகிரும் செல்வகணேஷும் மாறி மாறி வாசித்து, இருவரும் ஒன்றாக முடிப்பில் வந்து விழுந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்துவிட்டார். அன்று பெங்களூருக்குப் போனதற்காக இப்போது நிம்மதிப்படுகிறேன்.

நம் ஊரில் ஃபியூஷன் கச்சேரி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையில் நான் போன ஒரு நிகழ்ச்சியில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து கடத்தை முழுங்கிவிட்டன. கலைஞரின் கை அசைவது தெரிந்தது, நாதம் வரவில்லை. கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் முதலில் அளவு வைத்துவிட்டு, மற்ற வாத்தியங்களை அதற்கேற்ப ஏற்றுங்கள். 1975இல் ஒரு கல்லூரி அரங்கில் முடிந்தது இன்று நம்மால் முடியாதா?

தாளக் கணக்கு பிடிபட வேண்டும் என்று நினைப்பவர்கள், மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ‘தி கேட்வே டு ரிதம்’ என்ற கொன்னக்கோல் (தாளத்தை வாய்ச்சொல்லால் சொல்லும் கலை) பாடக் காணொளியைப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு ‘ஜாய்’ கேட்டால், முடிப்புக்கான தாளக் கணக்கான கோர்வை எங்கே தொடங்குகிறது என்று உங்கள் விரல்களே எண்ணத் தொடங்கிவிடும்.