டாக்டர் எழுதிக்கொடுத்த எக்சர்சைஸ், கூட நடந்த வாலண்டியர்: ரெண்டு வருஷ அனுபவம்

இதயத்து ரத்தக்குழாய் அடைச்சு, அத திறந்து வைக்க ஸ்டென்ட்னு ஒரு சின்ன வலைக்குழாய் வச்சு ஒரு மாசம் கழிச்சு டாக்டர் மாத்திரையோட எக்சர்சைஸும் எழுதிக்கொடுத்தார். 12 வாரம், வாரத்துக்கு மூணு நாள், மொத்தம் 36 செஷன். நான் ஆறாவது செஷன்லயே ஓடி வந்திருப்பேன். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, பயம். ட்ரெட்மில்ல ஏறி நெஞ்சு கொஞ்சம் படபடன்னதும் போச்சு மறுபடி அடைச்சிருச்சுன்னு ஸ்டாப் பட்டன அமுக்கிடுவேன். பிசியோ மேடம் ஈசிஜிய பாத்துட்டு "நார்மலாத்தான் சார் இருக்கு"ம்பாங்க. இருக்கும்தான், ஆனா அடைச்சது அவங்க நெஞ்சு இல்லயே.

அங்க இதே எக்சர்சைஸ் ப்ரோகிராம ஏற்கனவே முடிச்ச பேஷன்ட்டுங்க வாலண்டியரா வருவாங்க. எனக்கு முதல்ல வந்தவர் சரிப்படல. முழுக்க அவரோட ஆபரேஷன் கதைதான், நடுவுல "அந்த மாத்திரைய நான் நிறுத்தியே நாலு மாசம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்"னு வேற சொன்னாரு. ஸ்டென்ட் வச்சவன் ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய தானா நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கலாம், அது தெரியாம நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். நர்ஸ்கிட்ட வாய்விட்டதும் செம திட்டு. ஆள மாத்திட்டாங்க.

ரெண்டாவதா வந்த அண்ணன் பைபாஸ் பண்ணவர். அட்வைஸே கிடையாது, பக்கத்து மெஷின்ல ஏறி நடந்தார். நான் பட்டன அமுக்குனப்ப "எனக்கும் மூணாவது வாரம் வரைக்கும் இந்த சிவப்பு பட்டன்தான் ஃப்ரெண்டு"ன்னார். அவ்ளோதான். அன்னிக்கு மறுபடி ஏறுனேன்.

செவுத்துல போர்க் ஸ்கேல் சார்ட் ஒட்டியிருக்கும், 6ல இருந்து 20 வரைக்கும். எவ்ளோ சிரமமா இருக்குன்னு நாமளே நம்பர் சொல்லணும், எங்களுக்கு 11ல இருந்து 14க்குள்ள இருக்கணும். நானோ வாட்ச்சையே பாத்துட்டு துடிப்பு நூறத் தாண்டலயேன்னு வேகத்த கூட்டிட்டே இருந்தேன், மூச்சு வாங்குது ஆனா நம்பர் ஏறல, இவரு பாத்துட்டு "பீட்டா ப்ளாக்கர் போடுறீங்கல்ல, அது துடிப்ப ஏற விடாது, வாட்ச்ச கழட்டிட்டு என்கூட பேசிட்டே நடங்க"ன்னார். பேச்சு வந்தா சரி, பாட்டே பாட முடிஞ்சா மெதுவு, ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னா வேகத்த குறை. இதையே பிசியோவும் முதல் நாளே சொல்லியிருக்காங்க, அன்னிக்கு எனக்கு காதுல எங்க ஏறுச்சு. ஆனா ஒண்ணு, என் ஸ்பீட அவர் ஒரு தடவ கூட தொட்டதில்ல, நெஞ்சுல லேசா பிடிக்குதுன்னு சொன்ன அன்னிக்கு உடனே நிப்பாட்டி மேடத்த கூப்ட்டார்.

உண்மையான உபயோகம் 13வது வாரத்துலதான். மெஷின் இல்ல, ஈசிஜி இல்ல, வரலன்னா கேக்க ஆள் இல்ல. அண்ணன் வாரம் ஒரு போன் போடுவார். நடந்தீங்களான்னு கேக்க மாட்டார், "எந்தப் பக்கம் போனீங்க?" அதுதான் கேள்வி. ஒருநாள் சோம்பேறித்தனத்துல பார்க் பக்கம்னு அடிச்சு விட்டேன். "அங்க ரோட்ட தோண்டிப் போட்டிருக்காங்களே, எப்படி போனீங்க"ன்னார். மாட்னேன்.

இப்ப ரெண்டு வருஷம். வாரத்துக்கு 150 நிமிஷம் கணக்கு, பெரும்பாலும் ஆயிடுது, அம்பதுல நிக்குற வாரமும் உண்டு.

போன மாசத்துல இருந்து நானும் வாலண்டியர். ட்ரெய்னிங் குடுத்தாங்க: சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அமுக்குற முதலுதவி), எப்ப ஸ்டாஃப கூப்புடணும், அடுத்தவங்க விஷயத்த வெளிய பேசக்கூடாது, முக்கியமா குறுக்க பேசாம கேக்கணும். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்து முதல் நாளே ஒரு அக்காகிட்ட என் ஸ்டென்ட் கதைய இருபது நிமிஷம் சொல்லிட்டேன் போல. "தம்பி, நான் இன்னும் வார்ம் அப்பே ஆரம்பிக்கல"ன்னாங்க.