ஆதியாகமத்தின் கணக்கும் இராஜாக்களின் கணக்கும்

பைபிளின் காலவரிசையை நம்பலாமா என்று கேட்பவரிடம், எந்தப் பகுதியை என்றுதான் முதலில் கேட்பேன்.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் வம்ச அட்டவணைகளிலிருந்து கணக்கைத் தொடங்கித்தான் பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். ஆனால் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரேயப் பாடத்தில் 130 வயது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. அந்த மொழிபெயர்ப்பின் சில பிரதிகளைக் கூட்டிப் பார்த்தால், நோவாவின் தாத்தா மெத்தூசலா, நோவா பேழையில் தப்பிய பெருவெள்ளத்துக்குப் பிறகும் 14 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். பேழையிலோ அவருக்கு இடமே இல்லை!

இஸ்ரவேல், யூதா அரசர்களின் கதையைச் சொல்லும் இராஜாக்கள் நூல்களின் நிலை வேறு. யூதாவின் அரசர் எசேக்கியா கப்பம் கட்டியதை அசீரிய அரசர் சனகெரிபின் களிமண் பட்டயமும் சொல்கிறது, அது கி.மு. 701. எருசலேம் பாபிலோனிடம் பணிந்த கி.மு. 597-ஐ பாபிலோனியக் களிமண் பலகை உறுதிசெய்கிறது. ஆட்சியாண்டுகளை அப்படியே கூட்டினால் மட்டும் இங்கும் இடறும். தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட காலம் இருமுறை எண்ணப்பட்டிருக்கலாம்.